ஓட்டுக் கூரையின் கீழ் ஒரு யாத்திரை
பாலக்காட்டிலிருந்து மங்களூர் வரை: கைத்தொழிலும் பழைய ஆலைகளும்

மலபார் பக்கம் ரயிலில் போகாத நம்மவர்கள் மிகக் குறைவு. மும்பையிலோ தில்லியிலோ கொல்கத்தாவிலோ இருந்தாலும், வருஷத்துக்கு ஒரு தடவையாவது குருவாயூரப்பனையோ உடுப்பி கிருஷ்ணனையோ கொல்லூர் மூகாம்பிகையையோ தரிசிக்கக் கிளம்பிவிடுகிறோம். பாலக்காட்டில் ஏறி மங்களூர் வரை போனால், ஷொரனூர், திரூர், பெரோக், கோழிக்கோடு, தலச்சேரி, கண்ணூர், பய்யனூர் என்று ஸ்டேஷன்கள் வரிசையாக வரும். நடுநடுவே தென்னந்தோப்புக்குள் உயரமான செங்கல் புகைபோக்கிகள் தலைகாட்டும். என்ன என்று யாரும் கேட்பதில்லை. நானும் வெகு காலம் கேட்டதில்லை.

கேட்க வைத்தது ஓர் ஓடு. பாலக்காட்டு கிராமம் ஒன்றில் எங்கள் தாத்தா வீட்டை விற்ற சமயம், கூரையைப் பிரித்து ஓடுகளை முற்றத்தில் அடுக்கியிருந்தார்கள். ஒன்றைப் புரட்டிப் பார்த்தேன். அடிப்பக்கத்தில் ஆங்கில எழுத்துக்களில் ‘பாசல் மிஷன் டைல் ஒர்க்ஸ்’ என்று பதிந்திருந்தது. பாசல் இருப்பது ஸ்விட்சர்லாந்தில். அந்த ஊர்ப் பெயர் அக்ரஹாரத்து வீட்டுக் கூரைக்கு எப்படி வந்தது? அந்தக் கேள்வியோடு அதே ரயில் பாதையில் மறுபடி ஒரு தடவை, ஒவ்வொரு ஊராக இறங்கிப் பார்த்தேன். கண்டதையும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் அங்கத்தினர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

ஜெர்மனியில் ரூர் என்ற நிலக்கரிப் பிரதேசம் இருக்கிறது. அங்கே மூடிப்போன சுரங்கங்களையும் இரும்பாலைகளையும் இணைத்து சுமார் 400 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு சுற்றுலாப் பாதையை 1999-ல் அமைத்தார்கள். வழியெங்கும் பலகைகள், அருங்காட்சியகங்கள். அதிலுள்ள ஒரு சுரங்கம் 2001-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியது. நம் பாலக்காடு–மங்களூர் தடத்தில் அப்படித் தொடர்ச்சியான பலகைகள் இல்லை. ஆனால் அங்கே இல்லாத ஒன்று இங்கே இருக்கிறது. ஆலைகள் சில மூடிக் கிடந்தாலும், கைத்தொழில்கள் பல இன்னும் உயிரோடு இருக்கின்றன.

பாலக்காடு: வாசித்தவரும் செய்தவரும்

யாத்திரையைப் பாலக்காட்டிலிருந்தே தொடங்கலாம். கல்பாத்தி தேரையும் சங்கீதத்தையும் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் பாலக்காட்டுக்கு அருகே பெருவெம்பு என்றொரு ஊர் இருப்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? மத்தளம், செண்டை, மிருதங்கம் முதலிய தோல் வாத்தியங்களைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. பலாக் கட்டையைக் குடைந்து, தோலைப் பதப்படுத்தி, வாரை இழுத்துக் கட்டி, கரணையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து ஏற்றி, காதால் கேட்டுக் கேட்டே சுருதி சேர்க்கிறார்கள். பாலக்காட்டு மத்தளத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

பாலக்காடு மணி ஐயர் என்றால் கையெடுத்துக் கும்பிடுகிறோம். அவர் தட்டிய தோலைப் பதப்படுத்தியவர் யார் என்று கேட்டதுண்டா? ஓட்டுக்கும் இதே கதைதான். கூரையின் கீழ் இருந்தோம். அதைச் செய்தவர்களை அறியாமல் இருந்துவிட்டோம்.

ஓடு வந்த கதை

1815-ல் பாசல் நகரில் தொடங்கப்பட்ட கிறிஸ்தவ மிஷன் சங்கம் ஒன்றுதான் பாசல் மிஷன். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிக்குள் ஆங்கிலேயர் அல்லாத மிஷனரிகளும் வர 1833-ம் வருஷத்துச் சட்டம் வழிவிட்டது. மறு வருஷமே மூன்று பேர் கள்ளிக்கோட்டையில் கப்பலிலிருந்து இறங்கி மங்களூருக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

அவர்கள் ஆலை வைக்க வந்தவர்கள் அல்ல. ஆனால் மதம் மாறியவர்களை அவரவர் ஜாதியும் குடும்பமும் ஒதுக்கிவைத்தன. பரம்பரைத் தொழிலும் போயிற்று, குத்தகை நிலமும் போயிற்று. அவர்களுக்குச் சோறு போட ஒரு வழி வேண்டியிருந்தது. அச்சுக்கூடம், நெசவு என்று ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தார்கள். மங்களூரில் 1841-ல் அச்சுக்கூடம் வந்தது. அங்கே இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ள வந்த ஜார்ஜ் பிளெப்ஸ்ட் என்பவர் உள்ளூர் ஆற்று மண்ணின் தரத்தைக் கவனித்தார். நேத்ராவதி, குருபுர ஆறுகளின் கரைகளில் கிடைக்கும் களிமண் ஓட்டுக்கு மிகவும் ஏற்றது என்று கண்டு, 1865-ல் மங்களூர் ஜெப்புவில் இந்தியாவின் முதல் இயந்திர ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கினார். ஆரம்பத்தில் இயந்திரம் என்றால் பெரிய ஆவி எஞ்சின் எல்லாம் இல்லை. மாடு சுற்றி மண்ணரைக்கும். கையால் அழுத்தும் அச்சு ஒன்று இருக்கும்.

ஓட்டின் அமைப்பும் அவர்கள் கண்டுபிடிப்பல்ல. பாசலிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தூரத்தில், அல்சாஸ் பகுதியின் அல்ட்கிர்ஷ் என்ற சிற்றூரில், ஜிலார்டோனி சகோதரர்கள் 1841-ல் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் ஓட்டை உருவாக்கியிருந்தார்கள். அந்த ஜாதி ஓடுதான் கடல் தாண்டி வந்து ‘மங்களூர் ஓடு’ ஆயிற்று. நம் வீடுகளில் சீமை ஓடு என்பார்கள்.

நாட்டு ஓட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? நாட்டு ஓடு சிறியது, அடுக்கடுக்காகப் போட வேண்டும், கூரை கனக்கும், குரங்கும் பூனையும் ஓடினால் நகர்ந்துவிடும், வருஷா வருஷம் மழைக்கு முன்னால் ஆள் வைத்து ஓடு மாற்ற வேண்டும். மங்களூர் ஓட்டின் எடை ஒன்று சுமார் இரண்டரை கிலோ. நூறு சதுர அடிக்கு ஏறக்குறைய 150 ஓடு போதும். பக்கத்திலுள்ள பள்ளத்தில் அடுத்த ஓட்டின் விளிம்பு உட்காரும். அடியிலுள்ள கொம்பு ரீப்பரைப் பிடித்துக்கொள்ளும். சுண்ணாம்புச் சாந்து வேண்டாம். ஒன்று உடைந்தால் அதை மட்டும் உருவி எடுத்து வேறொன்றைச் செருகலாம். மேற்குக் கடற்கரையின் மழைக்கும் காற்றுக்கும் இதைவிடப் பொருத்தமான கூரை வேறில்லை.

மூன்றே வருஷத்தில், 1868-ல், மங்களூரில் ஆல்புகர்க் குடும்பத்தார் போட்டியாக ஓர் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினார்கள். பிறகு வரிசையாகப் பலரும் வந்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலை விறகு ஆற்றில் இறங்கி வந்தது, மண் ஆற்றங்கரையில் கிடைத்தது, செய்த ஓடு பாய்மரக் கப்பலில் ஏறி பம்பாய்க்கும் இலங்கைக்கும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் போயிற்று. மிஷன் மட்டுமே மங்களூர் ஜெப்பு, குத்ரோளி, மல்பே, கோழிக்கோடு, கோடக்கல், பாலக்காடு, பெரோக் என்று ஏழு ஓட்டுத் தொழிற்சாலைகளை நடத்தியது.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். பழைய மலபாரில் ஓட்டுக்கூரை என்பது அந்தஸ்து சம்பந்தப்பட்டது. கோயிலுக்கும் கோவிலகத்துக்கும் உரிய சலுகை அது. மற்றவர்கள் ஓடு போட மேலிடத்து அனுமதி வேண்டும். கீழே தள்ளப்பட்ட ஜாதியார் ஓலைக்கு மேல் ஆசைப்படவே முடியாது. நம் அக்ரஹாரங்களும் அந்த ஏற்பாட்டுக்குள் சௌகரியமாக இருந்தவையே. இயந்திர ஓடு மலிவாகக் கிடைக்க ஆரம்பித்த பிறகு, காசு கொடுத்தவர் வீட்டுக்கெல்லாம் ஓடு போயிற்று. ஆலையில் மண் சுமந்தவர்கள், அச்சிலிருந்து பச்சை ஓட்டை எடுத்து அடுக்கியவர்கள், சூளைக்கு எடுத்துப்போனவர்கள் பலர் பெண்கள். ஓலைக் குடிசையிலிருந்து வந்து ஓடு செய்தவர்கள், நாளடைவில் தங்கள் வீட்டுக்கும் ஓடு போட்டுக்கொண்டார்கள். என் தாத்தா வீட்டு ஓட்டைச் செய்ததும் அப்படிப்பட்ட கைகளாகத்தான் இருக்க வேண்டும்.

முதல் உலக யுத்தம் வந்தது. மிஷனில் ஜெர்மானியர் அதிகம் என்பதால் ஆங்கில அரசு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. 1919-ல் ஓட்டு ஆலைகளும் நெசவாலைகளும் காமன்வெல்த் டிரஸ்ட் என்ற கம்பெனியின் கைக்கு மாறின. மலையாளத்தார் அதைச் சுருக்கி ‘காம்டிரஸ்ட்’ என்றார்கள்.

திருநாவாயாவும் கோடக்கல்லும்

பித்ரு கர்மா செய்ய நம்மவர்கள் பலர் திருநாவாயா போகிறார்கள். பாரதப்புழைக் கரையில் நாவாமுகுந்தன் சந்நிதி. தர்ப்பணம் முடித்துத் திரும்பும் வழியில் கோடக்கல் பக்கம் கொஞ்சம் நடந்தால், 1887-ல் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலை இருந்த இடத்தைப் பார்க்கலாம். அது மூடிப்போயிற்று. சூளையில் நெருப்பில்லாத ஓட்டாலைக்கு வேறு எதோடும் ஒப்பில்லாத ஒரு நிசப்தம் இருக்கிறது.

ஏன் மூடின? ஒரே காரணம் இல்லை. கான்கிரீட் தளம் வந்தபின் மாடி வீடு கௌரவமாயிற்று. மண் கிடைப்பது அரிதாயிற்று. நெல்வயலையும் சதுப்பு நிலத்தையும் காக்கக் கேரள அரசு 2008-ல் சட்டம் கொண்டுவந்தது. அது மிக அவசியமான சட்டம், ஆனால் களிமண் எடுப்பது மேலும் கஷ்டமாயிற்று. விறகு விலையும் ஏறியது. ஆலை போனது யாரோ ஒருவர் செய்த தப்பினால் அல்ல.

பேப்பூர்: வரைபடம் இல்லாத கப்பல்

இந்தப் பாதையில் ஒரே ஓர் இடத்தில்தான் இறங்க நேரம் என்றால், பெரோக்கில் இறங்கிப் பேப்பூர் போங்கள். சாலியாறு கடலில் கலக்கும் இடம். தெற்கு ரயில்வேக்காரர்களுக்கு இது ஒரு க்ஷேத்திரம் மாதிரி: இன்றைய கேரளத்தின் முதல் ரயில் 1861 மார்ச் 12-ந் தேதி பேப்பூருக்கும் திரூருக்கும் இடையேதான் ஓடியது. பேப்பூர் என்று பெயர் இருந்தாலும் ஸ்டேஷன் இருந்தது ஆற்றின் தென்கரையில், சாலியத்தில். அடுத்த வருஷம் சென்னையிலிருந்து பாலக்காடு வழியாக இந்தக் கடற்கரைக்கே ரயில் வந்துவிட்டது.

பேப்பூரின் பெருமை ‘உரு’. அரபு நாட்டாருக்காகக் கட்டப்படும் பெரிய மரக்கப்பல். மேல்நாட்டு முறையில் முதலில் எலும்புக்கூடு போல வங்குகளை நிறுத்தி, அதன்மேல் பலகை அடிப்பார்கள். இங்கே முக்கியமாக வெளிப்பலகையை வளைத்துச் சேர்த்து உடலை உருவாக்கிவிட்டு, அதற்குப் பொருத்தமாக உள்ளே வங்குகளை வைக்கிறார்கள். காகிதத்தில் வரைபடம் கிடையாது. மூத்த மேஸ்திரியின் மனசில்தான் முழுக் கப்பலும் இருக்கிறது. பலகை இடுக்குகளில் பஞ்சைத் திணித்து நீர் புகாமல் அடைக்கிறார்கள். முற்காலத்தில் ஆணிக்குப் பதில் கயிற்றால் தைத்த கப்பல்களும் இந்தக் கடற்கரையில் உண்டு.

கட்டி முடித்ததைத் தண்ணீரில் இறக்குவது கலாசிகளின் வேலை. மாப்பிளை முஸ்லிம் சமூகத்தைச் சேர்ந்த இவர்கள் உருளைக் கட்டை, வடம், கப்பி இவற்றோடு, பாட்டின் தாளத்துக்கு ஒரே மூச்சாய் இழுத்து, நூற்றுக்கணக்கான டன் எடையை அங்குலம் அங்குலமாக நகர்த்துகிறார்கள். 1988-ல் கொல்லம் அருகே பெருமண் பாலத்திலிருந்து ஐலண்ட் எக்ஸ்பிரஸ் அஷ்டமுடிக் காயலில் விழுந்தபோது, மூழ்கிய பெட்டிகளைக் கரையேற்ற மலபார் கலாசிகளைத்தான் வரவழைத்தார்கள்.

உருவுக்கு வேண்டிய தேக்கு ஒரு காலத்தில் சாலியாற்றிலேயே மிதந்து வந்தது. மேலே நிலம்பூரில், மலபார் கலெக்டர் கனோலியின் முயற்சியாலும் சாத்து மேனோன் என்பவரின் உழைப்பாலும் 1840-களில் தேக்கு நடப்பட்டது. உலகிலேயே மிகப் பழைய தேக்குத் தோட்டம் என்று அதைச் சொல்வார்கள். நட்ட மரத்தில் சில இன்றும் ‘கனோலி பிளாட்’டில் நிற்கின்றன. பக்கத்தில் தேக்கு அருங்காட்சியகமும் உண்டு. குழந்தைகளுக்கு நல்ல பொழுதுபோக்கு.

இப்போது சரக்குக்காக உரு கட்டுவது அபூர்வம். வளைகுடா நாட்டுச் செல்வந்தர்களின் உல்லாசப் படகாகத்தான் பெரும்பாலும் கட்டுகிறார்கள். ஆர்டர் வந்தால் வேலை, இல்லையென்றால் இல்லை. மனசில் கப்பல் வைத்திருக்கும் மேஸ்திரிக்குப் பிறகு அதை யார் மனசில் ஏற்றிக்கொள்வது என்பதுதான் அங்கே நிற்கும்போது எழும் கவலை.

கோழிக்கோடும் கண்ணூரும்: தறியின் சத்தம்

கோழிக்கோட்டில் மானாஞ்சிறை குளத்துக்கு எதிரே காம்டிரஸ்ட் நெசவாலை. 1844-ல் மிஷன் தொடங்கிய நெசவுக்கூடத்தின் தொடர்ச்சி என்று அதன் சரித்திரத்தைச் சொல்வார்கள். 2009-ல் அது மூடப்பட்டது. தொழிலாளிகள் விடாமல் போராடினார்கள். அரசே ஆலையை எடுத்துக்கொள்ளும் மசோதா 2012-ல் சட்டசபையில் நிறைவேறி, ஜனாதிபதியின் ஒப்புதல் வர 2018 ஆயிற்று. ஆறு வருஷம் கைநெசவாளிக்கு எவ்வளவு நீளம் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

தலச்சேரியில் இல்லிக்குன்று பங்களாவை விடாதீர்கள். ஹெர்மன் குண்டர்ட் குடும்பத்தோடு வசித்த இடம். 1847-ல் மலையாளத்தின் முதல் பத்திரிகையான ‘ராஜ்யசமாசாரம்’ இங்கிருந்துதான் வந்தது. அவருடைய மலையாள–ஆங்கில அகராதி 1872-ல் மங்களூர் மிஷன் அச்சுக்கூடத்தில் அச்சாயிற்று. நோபல் பரிசு பெற்ற நாவலாசிரியர் ஹெர்மன் ஹெஸ்ஸே அவருடைய பேரன்.

கண்ணூரில் ஆலை போனாலும் தறி போகவில்லை. திரைச்சீலை, மேஜைவிரிப்பு, படுக்கை விரிப்புகளுக்குப் பேர்போன ஊர். புவிசார் குறியீடும் உண்டு. கூட்டுறவுச் சங்கங்களே இதன் முதுகெலும்பு. கூட்டுறவு என்றதும் தினேஷ் பீடிச் சங்கத்தையும் சொல்ல வேண்டும். தொழிலாளர் நலச் சட்டம் அமலானபோது வெளியூர் முதலாளிகள் கடையைக் கட்டினார்கள். வேலை இழந்தவர்கள் 1969-ல் தாங்களே சங்கம் அமைத்துக்கொண்டார்கள். ஒருவர் செய்தித்தாளை உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டே பீடி சுற்றுவது அங்கே வழக்கம். புகைபிடிப்பது குறைந்ததும் சங்கம் உணவுப் பொருள், குடை, துணி என்று மாறிக்கொண்டது. தொழில் செத்தாலும் தொழிலாளி சாக வேண்டியதில்லை என்பதற்கு இது ஒரு நல்ல உதாரணம்.

பய்யனூர் பவித்திரம்

நம் வீட்டுக் கர்மாக்களில் தர்ப்பைப் பவித்திரம் இல்லாமல் எதுவும் நடக்காது. அந்தத் தர்ப்பை முடிச்சின் வடிவத்திலேயே தங்கத்தில் செய்யும் பவித்திர மோதிரம் பய்யனூரின் தனிச் சிறப்பு. ஊர்ச் சுப்ரமண்ய ஸ்வாமி கோயிலோடு அதைத் தொடர்புபடுத்திச் சொல்கிறார்கள். செய்பவர்கள் விரதத்தோடு செய்வது சம்பிரதாயம். பக்கத்துக் குஞ்ஞிமங்கலத்தில் மெழுகு வார்ப்பு முறையில் வெண்கல விளக்கும் விக்கிரகமும் வார்க்கிறார்கள்.

பய்யனூருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1930-ல் கேளப்பன் தலைமையில் உப்பு சத்தியாக்கிரகம் நடந்த இடம் இது. பாலக்காட்டிலிருந்து டி.ஆர். கிருஷ்ணஸ்வாமி ஐயர் ஒரு தொண்டர் படையை இங்கே நடத்திவந்தார். ஜாதி வேற்றுமை பாராமல் பிள்ளைகளை ஒன்றாக வளர்க்க அகத்தேத்தறையில் சபரி ஆசிரமம் நிறுவியவர் அவர். நாம் இறங்கி ஏறும் இதே ஊர்களின் வழியே அவர் நடந்தே வந்திருக்கிறார்.

மங்களூர்

கடைசியில் மங்களூர். பல்மட்டாவில் மிஷனின் பழைய கட்டடங்கள் உள்ளன. கிட்டலின் கன்னட அகராதி 1894-ல் அச்சானது இந்த ஊர் மிஷன் அச்சுக்கூடத்தில்தான். காக்கிச் சாயம் இங்கேதான் பிறந்தது என்றும் உள்ளூரில் பெருமையாகச் சொல்வார்கள். 1851-ல் வந்த ஹாலர் என்ற நெசவு நிபுணர் அதைக் கண்டுபிடித்தார் என்பது கதை. ஆனால் ‘காக்கி’ என்றால் தூசி நிறம். வடமேற்கு எல்லையில் ஒரு படைப்பிரிவு 1840-களிலேயே அந்த நிற உடையை அணியத் தொடங்கிவிட்டது. மங்களூரார் கண்டது சாயம் போடும் முறை ஒன்றாக இருக்கலாம்.

ஓட்டைப் பற்றிச் சொல்லச் சந்தேகம் வேண்டாம். ஆலைகளின் எண்ணிக்கை குறைந்துவிட்டாலும், சிவப்புக் கூரைகள் இந்தக் கடற்கரை முழுக்க இன்னும் நிற்கின்றன. புதிதாக வீடு கட்டுபவர்கள் சிலர், இடிக்கும் பழைய வீட்டு ஓட்டையே தேடி வாங்கிப் போடுகிறார்கள்.

நாம் என்ன செய்யலாம்?

பெரிதாக ஒன்றும் வேண்டாம். அடுத்த க்ஷேத்ராடனத்தில் இரண்டு நாள் கூட்டிக்கொள்ளுங்கள். ஆனி, ஆடி மழையைத் தவிர்த்து, மார்கழி, தை மாதங்களில் போனால் நடக்கச் சுகம். பட்டறைக்குள் போகுமுன் அனுமதி கேளுங்கள். வேலை செய்பவரைப் போட்டோ எடுக்குமுன் பேச்சுக் கொடுங்கள். மிருதங்கம் கற்கும் பேரனைப் பெருவெம்புக்கு அழைத்துப்போய் வாத்தியம் செய்பவர் முன்னால் உட்காரவையுங்கள். கண்ணூர் விரிப்பைக் கண்ணூர்ச் சங்கத்திலேயே வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள். கிராமத்தில் பழைய வீடு விற்பவர்கள் ஓட்டைப் புரட்டி, அதிலுள்ள பெயரையும் ஊரையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். பல்வேறு ஊர் அங்கத்தினர்கள் எழுதி அனுப்பினால், எந்த ஆலை ஓடு எந்தக் கிராமம் வரை போயிற்று என்று ஒரு நல்ல பட்டியலே தயாராகிவிடும்.

மூடிய ஆலையின் சுவரைப் பணம் இருந்தால் பழுதுபார்த்துவிடலாம். அச்சிலிருந்து பச்சை ஓட்டை உடையாமல் எடுக்கத் தெரிந்த கையும், பலகையை வளைக்கத் தெரிந்த கையும் போய்விட்டால் பழுதுபார்க்க வழியில்லை. அவர்கள் வேலையில் இருக்கும்போதே போய்ப் பார்த்துவிட்டு வருவோம்.